ஓட்டன் சமவெளியும் அதனைக் காண வந்தோரும்

இலங்கையின் மத்திய மலைநாட்டின் தென்விளிம்பிலே, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், 3,160 ஹெக்டயர் பரப்புடைய பீடபூமி ஒன்று அமைந்துள்ளது. ஓட்டன் சமவெளி என்பது அதன் இன்றைய பெயர். கிரிகல்பொத்தை, தொட்டுபொலகந்தை என்னும் இரு சிகரங்கள் அதனைக் காத்து நிற்கின்றன. நாட்டின் உயர்ந்த சிகரங்களுள் இரண்டாவதும் மூன்றாவதுமாக எண்ணப்படுவன இவையே. தெற்கே நிலம் திடீரென அற்று, ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு வீழ்கின்றது. அவ்விடத்தையே உலக முடிவு என வழங்குவர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் இம்மேட்டு நிலத்திலிருந்து நீர் செல்கின்றது.

இந்நிலத்தின் வரலாறு அரசர்தம் போர்களின் வரலாறன்று. காலந்தோறும் இதனை நாடி வந்தோரின் வரலாறே இதன் வரலாறு. வந்தவர் ஒவ்வொருவரும் தாம் தேடியதையே இங்குக் கண்டனர். அவர்கள் கண்டதற்கேற்பவே இந்நிலத்தின் விதியும் மாறிற்று. அவ்வாறாயின், ஒன்றன்பின் ஒன்றாகக் காடுகள் அழிந்த ஒரு நூற்றாண்டில் இக்காடு மட்டும் எஞ்சியது எவ்வாறு? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1834 ஆம் ஆண்டில் பிஷர், வாட்சன் என்னும் இரு படை அலுவலர்கள் வேட்டைக்குச் சென்றவிடத்து இச்சமவெளியைக் “கண்டுபிடித்தனர்” என்று ஆங்கில நூல்கள் கூறும். அக்காலத்தில் தேசாதிபதியாயிருந்தவர் சேர் றொபேட் வில்மட் ஓட்டன் (1831 - 1837). அவர் பெயரே நிலத்துக்குச் சூட்டப்பட்டது. ஆனால் பெயரில்லாத நிலத்துக்கு அவர்கள் பெயரிட்டனர் என்று கொள்ளுதல் தவறு. மலையடிவாரத்துச் சிங்கள மக்கள் அதனை மகா எலிய தென்ன என அழைத்து வந்தனர். பெருவெளி என்பது அதன் பொருள். எலிய என்னுஞ் சொல்லுக்கு ஒளி என்ற பொருளும் உண்டாதலின், அனுமன் வாலில் இட்ட தீ இம்மலைகளிற் பரவிப் பேரொளி வீசிற்று என்றும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், சதுப்பு நிலங்களின் சேற்றுப் படிவுகளிற் பொதிந்துள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 24,000 ஆண்டுக் காலத்து மாற்றங்களை அவற்றிலிருந்து அறிந்துள்ளனர். பன்னெடுங் காலத்துக்கு முன்னரே மனிதர் இங்குப் புல்லை எரித்தும் கால்நடை மேய்த்தும் வாழ்ந்தனர் என்பது அவர்தம் கருத்து. எனவே 1834 இல் வந்தவர்கள் முதலில் வந்தோர் அல்லர்; எழுதி வைத்தோருள் முற்பட்டவர்கள், அவ்வளவே.

அவர்களைத் தொடர்ந்து வந்தோர் வேட்டைக்காரர். அன்று யானைக் கூட்டங்கள் இச்சமவெளியில் உலாவின. யானையைக் கொல்லுதல் வீரச் செயலாக மட்டுமன்றி, அரசாங்கம் பணங்கொடுத்து ஊக்கிய தொழிலாகவும் இருந்தது. 1859 இல் இலங்கையைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட எமேர்சன் தெனன்ற், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500 யானைகளுக்கு மேல் வெகுமதிக்காகக் கொல்லப்பட்டன என்று குறிப்பிடுகின்றார். ஊவாவில் அதிகாரம் வகித்த மேஜர் றொஜேர்ஸ் என்பவர் தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படுகின்றார். அவர் 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து, வேட்டை நாய்களுடன் இம்மேட்டு நிலங்களில் மரைகளைத் துரத்தினார். அவருடைய நூல்கள் வேட்டையை மாத்திரமன்றி இந்நிலத்தின் அழகையும் வியந்து பேசுகின்றன. அழகை வியந்த கண்ணும் துவக்கைக் குறிபார்த்த கண்ணும் ஒன்றே என்பது அக்காலத்தின் இயல்பு. இன்று சமவெளியின் நீர்வீழ்ச்சி பேக்கரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. யானைகளோ 1940 களுக்குள் இவ்விடத்தினின்றும் முற்றாக நீங்கிவிட்டன.

நிற்க, வேட்டையினும் பெரிய ஆபத்து மலையடிவாரத்திலிருந்து ஏறிவந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையெல்லாம் அரசுடைமையாகக் கொள்ள வழிசெய்தது. அவை கோப்பித் தோட்டக்காரருக்கு மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. காடு வெட்டவும், கோப்பி நடவும், தெருவும் பின்னர் புகையிரதப் பாதையும் அமைக்கவும் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். வழியிலே பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். கண்டிப் பகுதியின் மலைகள் சில பத்தாண்டுகளில் மொட்டையாயின. மழை மண்ணைக் கழுவிச் சென்றது. ஊற்றுக்கள் வற்றத் தொடங்கின.

இந்நிலையில், 1873 ஆம் ஆண்டில், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த சேர் யோசப் ஊக்கர் ஓர் ஆலோசனை வழங்கினார். 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாது விட்டுவிட வேண்டும் என்பதே அது. அவ்வாறே நிருவாக ஆணையும் பிறந்தது. இவ்வாண்டு கூர்ந்து நோக்கத் தக்கது. கோப்பியை அழித்த இலைநோய் 1869 இலேயே தோன்றிவிட்டது. அதற்கு ஈராண்டு முன்னர், 1867 இல், யேம்ஸ் தெயிலர் லூல்கந்துறையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நாட்டியிருந்தார். கோப்பி விரும்பாத உயர்ந்த குளிர்நிலத்திலும் தேயிலை தழைக்கும். தேயிலை மலையேறுவதற்குச் சற்று முன்னரே ஆணை வந்து சேர்ந்தது எனலாம். அது எங்கும் முழுமையாகக் காக்கப்பட்டது என்று கூறுவதற்கில்லை. நுவரெலியாவைச் சூழ 6,000 அடிக்கு மேலும் தேயிலை விளைகின்றது. எனினும் ஓட்டன் சமவெளியைப் பொறுத்தமட்டில் அந்த எல்லைக்கோடு தப்பி நின்றது.

இவ்விடத்து ஓர் உண்மை புலனாகின்றது. இக்காட்டைக் காத்தது யானையின்மீது கொண்ட இரக்கமன்று; மலரின்மீது கொண்ட காதலுமன்று. மேலே காடு அழிந்தால் கீழே ஆறு வற்றும் என்ற கணக்கே அதனைக் காத்தது. வந்தோருள் வேட்டைக்காரன் விலங்கைக் கண்டான். தோட்டக்காரன் நிலத்தைக் கண்டான். தாவரவியலறிஞர் ஒருவரோ நீரைக் கண்டார். நீரைக் கண்டவரின் சொல்லே நிலைத்தது.

அதன் பின்னும் இடையூறுகள் ஓயவில்லை. வெள்ளையரின் பொழுதுபோக்கிற்காக ஓடைகளில் அந்நிய ட்றௌட் மீன்கள் விடப்பட்டன. புகையிரதப் பாதை 1885 இல் நானுஓயாவையும் 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தபின், ஒகிய நிலையத்திலிருந்து ஏறிவருதல் எளிதாயிற்று. 1937 ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பயனாக யாலையும் வில்பத்துவும் 1938 இல் தேசிய வனங்களாயின. ஓட்டன் சமவெளி அவ்வரிசையிற் சேரப் பல ஆண்டுகள் சென்றன. 1960 களில் அதன் புல்வெளியில் விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969 இல் அது காப்பிடமாகவும், 1988 இல் தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல், சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு, மத்திய மலைநாடு என்னும் பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று அங்குச் செல்வோர் விடியுமுன்னரே புறப்படுகின்றனர். முற்பகலில் மூடுபனி ஏறி உலக முடிவை மறைத்துவிடும் என்பதே காரணம். ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமான வட்டப்பாதையில் நடப்போர் புல்வெளியில் மரைகளையும், காற்றில் வளைந்து குறுகிய கீன மரங்களையும், செம்மலர் பூத்த மகாரத்மல் மரங்களையும் காண்பர். நெலு எனப்படும் செடிவகை பல்லாண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒருங்கே பூத்து மடியும். பழந்தமிழர் மலைநிலத்துக்குப் பெயராக வைத்த குறிஞ்சியும் இந்நெலுவும் ஒரே தாவரக் குலத்தைச் சேர்ந்தவை. 1939 க்குப் பின் அற்றுப்போயிற்று எனக் கருதப்பட்ட மலைத்தேவாங்கு 2002 இல் மீண்டும் காணப்பட்டு, 2009 இல் முதன்முறையாகப் புகைப்படத்தில் அகப்பட்டது. அற்றது என்று மனிதர் எழுதிவைத்த பின்னரும் அச்சிற்றுயிர் இக்காட்டின் இருளிலே வாழ்ந்து கொண்டிருந்தது.

ஆயினும் மகிழ்ச்சிக்கு இடையே கவலையும் உண்டு. காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்றபடியே பட்டுப் போகின்றன. அந்நியத்திலிருந்து வந்த முட்புதர் புல்வெளியிற் பரவுகின்றது. பயணிகள் கொடுக்கும் உணவுக்குப் பழகிய மரைகள் வாகனங்களை நாடி வருகின்றன. வாயிலிலே பொலித்தீன் பைகளைச் சோதித்து அகற்றவேண்டிய நிலையும் ஏற்பட்டுள்ளது. துவக்கோடு வந்தவரைச் சட்டம் தடுத்தது. அன்போடு வருபவரைத் தடுப்பது எளிதன்று. அவர் தம்மைத் தாமே தடுத்துக்கொள்ளல் வேண்டும்.

இன்னுமொன்று. சமவெளியின் பெயர் ஒரு தேசாதிபதியின் பெயர். நீர்வீழ்ச்சியின் பெயர் ஒரு வேட்டைக்காரரின் பெயர். இம்மலைச் சரிவுகளிற் பாதை வெட்டியவரும் சுமை தூக்கியவரும் எந்தப் பாறையிலும் பெயர் பெற்றிலர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அக்குறை முற்றாக நீங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மரங்களுக்கும் விலங்குகளுக்கும் காப்பளித்த சட்டம், அம்மலையடியில் உழைத்த மாந்தருக்குக் காப்பளிக்க அதனினும் நெடுங்காலம் எடுத்தது. சமவெளியைக் காணச் செல்லும் மாணவர் உலக முடிவின் விளிம்பில் நின்று கீழே நோக்குங்கால், பள்ளத்தாக்கின் பசுமை மாத்திரமன்றி, ஆங்காங்கே தோன்றும் தோட்டக் குடியிருப்புக்களின் கூரைகளும் கண்ணிற் படும். அவ்விரண்டையும் ஒருங்கே காண்பவரே இந்நிலத்தின் வரலாற்றை முழுமையாகக் கண்டவர் ஆவர்.