‘கிவ் அப்’: ஒரு தொடர்வினையின் வரலாறு

‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. இவ்விரண்டையும் கூட்டி ‘மேலே கொடு’ என எழுதும் மாணவனைக் கடிந்துகொள்ளுமுன் ஆசிரியர் சற்றே சிந்தித்தல் நன்று. சொற்களைத் தனித்தனியே அறிந்தவரையும் ஏமாற்றவல்லவை இத்தகைய தொடர்வினைகள். 1755இல் இலண்டனில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையின் பின்னே ஒரு சிறுசொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இவ்வழக்கு அயல்மொழியாளர்க்குப் பெருந்தொல்லை தருவது என்பதை அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். இவ்வினைகளுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் இலக்கணப் பெயர், 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் வெளியிட்ட நூலின் வழியே பரவியது. அப்பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி. பெயர் புதிது, வழக்கோ பழையது.

எத்துணைப் பழையது என்பதற்குச் சான்று இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்தில் கிடைக்கிறது. அம்மடத்துத் துறவியர் ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றைக் குறித்து வைத்தனர். அக்குறிப்பேட்டின் இறுதிப் பகுதி ஏறத்தாழ 1155இல் எழுதப்பெற்றது. நார்மானியர் 1066இல் நாட்டை வென்று தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும், அரசவையில் பிரெஞ்சும் திருச்சபையில் இலத்தீனும் வீற்றிருந்த அந்நாளிலும், அம்மடத்தில் ஒருவர் தம் தாய்மொழியாம் ஆங்கிலத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார். அரசன் ஸ்டீபன் ஆக்ஸ்ஃபோர்டில் அவையைக் கூட்டி, சால்ஸ்பரி ஆயர் ரோஜரையும் லிங்கன் ஆயர் அலெக்சாண்டரையும் பிடித்துச் சிறையில் இட்ட செய்தியை அவர் குறிக்கிறார். நிகழ்ச்சி நடந்தது 1139இல். அவ்வாயர்கள் வழிபாட்டோடு நின்றவர்கள் அல்லர். டிவைசஸ், நியூவார்க் முதலிய இடங்களில் வலிய கோட்டைகளை வைத்திருந்தவர்கள். கோட்டைகளைத் தரும்வரை அவர்கள் சிறையில் வைக்கப்பட்டனர் என்னுமிடத்தில் துறவி கையாண்ட வினை ‘கிவ் அப்’ என்பதன் பழைய வடிவமே ஆகும். இத்தொடர்வினையின் மிகப் பழைய பதிவுகளுள் இஃது ஒன்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஆயர்கள் மனமுவந்து கொடுத்தவர்கள் அல்லர். ஆயினும் வினையின் வடிவம் கொடுத்தல் என்பதே. பறித்தவனின் கை அதில் தெரியவில்லை. பிறந்த காலத்திலேயே இவ்வினைக்கு அமைந்த இயல்பு இது.

இனி இதன் ஒருபொருட் சொற்களைக் காண்போம். அகராதிகள் அவற்றை ஒரே வரிசையில் அடுக்கிவிடுகின்றன. ஆனால் அவை ஒரே குடியில் பிறந்தவை அல்ல. ‘யீல்ட்’, ‘ஃபோர்சேக்’ ஆகியவை பழைய ஆங்கிலச் சொற்கள். அவற்றுள் ‘யீல்ட்’ தொடக்கத்தில் பணம் செலுத்துதலைக் குறித்தது. ‘சரண்டர்’, ‘அபேண்டன்’, ‘ரினவுன்ஸ்’ என்பன பிரெஞ்சின் வழியே வந்தவை. ‘ரெலிங்குவிஷ்’ இலத்தீன் வேரினது. ஆள்வோரின் மொழியாகவும் வழக்குமன்றத்தின் மொழியாகவும் பிரெஞ்சு நெடுங்காலம் இருந்தமையால், அவ்வழி வந்த சொற்களுக்கு ஒரு மிடுக்கு உண்டு. வீட்டிலும் வயலிலும் வழங்கியது ‘கிவ் அப்’. எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பர் 10ஆம் நாள் கையொப்பமிட்ட பத்திரத்தில் அரியணையைத் துறப்பதற்கு இடம்பெற்ற சொல் ‘ரினவுன்ஸ்’. அச்செயலையே ஆங்கிலேயர் தம் அன்றாடப் பேச்சில் ‘கிவ் அப்’ என்பர். பொருள் ஒன்று, அமரும் அவை வேறு.

போரிலும் இவ்வேறுபாடு விளங்கும். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரின் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் தளபதி பெர்சிவல் கையொப்பமிட்ட நிகழ்ச்சியை ஆங்கில வரலாறு ‘சரண்டர்’ என்றே குறிக்கிறது. தமிழில் அதனைச் சரணடைதல் என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் உள்ளே இருப்பது கொடுத்தல். தமிழ்ச்சொல்லின் உள்ளே இருப்பது புகலிடம் அடைதல். அடியவர் இறைவனிடம் செய்வதற்கும் தோற்ற படைத்தலைவர் பகைவரிடம் செய்வதற்கும் நமக்கு ஒரே சொல் அமைந்தது வியப்பே!

‘அப்’ என்னும் சிறுசொல் இங்கு என்ன செய்கிறது? மேலே என்னும் பொருள் அதில் தேய்ந்துவிட்டது. உண்டு தீர்த்தலையும் எரிந்து முடிதலையும் ஆங்கிலேயர் ‘ஈட் அப்’, ‘பர்ன் அப்’ என்னும்போது, வினை முற்றும் நிறைவேறியது என்பதையே ‘அப்’ காட்டுகிறது. தமிழாசிரியருக்கு இது புதிதன்று. ‘உண்டுவிட்டான்’, ‘எரிந்துவிட்டது’ என்பவற்றில் உள்ள ‘விடு’ எதனையும் விடுவிக்கவில்லை. தன் பொருள் தேய்ந்து துணைவினையாய் நின்று, முடிந்த முடிபை உணர்த்துகிறது. ‘அப்’ என்பதற்கு அகராதியில் ‘மேலே’ என்பதைத் தேடுவதைவிட, நம் ‘விடு’ என்னும் துணைவினையை நினைவூட்டினால் மாணவர் எளிதில் தெளிவர்.

எனினும் ‘கிவ் அப்’ முழுவதற்கும் ஒரு தமிழ்ச்சொல்லை நிலையாக வகுத்துவிட முடியாது. புகைபிடிப்பவன் பழக்கத்தை விடுகிறான். மருத்துவர் நோயாளியைக் கைவிடுகிறார். துறவி உலகைத் துறக்கிறார். காவலர் தேடும் குற்றவாளி சரணடைகிறான். நம்பிக்கையையோ நாம் இழக்கிறோம். ஆங்கிலத்தில் இவை அனைத்திற்கும் ஒரே தொடர்வினை போதும்.

தவறான சொல்லைத் தேர்ந்தால் வரலாறே கோணும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில், 1955 டிசம்பர் 1ஆம் நாள், தையல் வேலை முடித்து ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பின அம்மையார் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளையர் ஒருவர் அமர வேண்டி, அவ்வரிசையில் இருந்த கறுப்பினத்தார் நால்வரையும் எழுமாறு ஓட்டுநர் பணித்தார். மூவர் எழுந்தனர், பார்க்ஸ் எழவில்லை. கைது செய்யப்பட்டார். அதன் பின் எழுந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்து, நாட்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 1956 டிசம்பரில் வெற்றியுடன் முடிந்தது.

இச்செய்தியைக் கூறும் ஆங்கில நூல்கள், இருக்கையைக் ‘கிவ் அப்’ செய்ய அவர் மறுத்தார் என எழுதுகின்றன. தமிழில் பெயர்ப்போர் கைக்கு உடனே அகப்படுவது ‘விட்டுக்கொடுக்க மறுத்தார்’ என்னும் தொடர். பிழையென்று தள்ளவும் முடியாது. ஆனால் பொருந்தவும் இல்லை. விட்டுக்கொடுத்தல் தமிழர் உள்ளத்தில் ஒரு பண்பு. முதியவருக்கும் கருவுற்றவருக்கும் நாம் இருக்கையை விட்டுக்கொடுக்கிறோம். அதனை மறுத்தவர் என்றால், வரலாறு அறியாச் சிறுவன் பார்க்ஸ் அம்மையாரைப் பெருந்தன்மை அற்றவராகக் கருதக்கூடும். ஆயர்களின் கோட்டையைப் போன்றே இங்கும் கேட்டவன் கை வினைக்குள் மறைந்துவிட்டது. தமிழ்ச்சொல்லோ அதன்மேல் ஓர் அறப்போர்வையையும் போர்த்திவிடுகிறது.

பார்க்ஸ் 1992இல் வெளியிட்ட தன்வரலாற்றில், அன்று தாம் உடல் களைத்திருந்ததால் எழவில்லை என்னும் கதையை மறுக்கிறார். தாம் களைத்துப்போனது பணிந்து பணிந்துதான் என்கிறார். அங்கே அவர் எடுத்தாண்ட வினை ‘கிவ் இன்’. ஒரு சிறுசொல் மாறிய அளவில் கொடுத்தல் பணிதல் ஆயிற்று. அவர் சொல்லே வழிகாட்டுவதால், ‘எழ மறுத்தார்’ என்றோ ‘பணிய மறுத்தார்’ என்றோ தமிழில் எழுதலாம். பணித்தவன் ஒருவன் உண்டு என்பதை இவ்விரண்டும் மறைப்பதில்லை.