குடுமி முதல் கியர்பாக்ஸ் வரை

போன மாசம் ஒரு சாயங்காலம் எங்கள் அடையாறு வீட்டு பால்கனியில் அப்பா மாட்டிக்கொண்டார். நாலாவது மாடி. துளசிக்குத் தண்ணி ஊத்தப் போனவர். பின்னாடியே கடல்காத்து கதவை 'டப்'பென்று சாத்திவிட்டது. கைப்பிடியை அழுத்தினால் அது பாட்டுக்கு லொடலொடவென்று கீழே போகிறதே ஒழிய கதவு அசையவில்லை. உள்ளே அம்மா ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். ரெட்டைக் கண்ணாடி போட்ட யுபிவிசி கதவு. சத்தமே உள்ள வராது சார் என்று சொல்லித்தான் விற்றார்கள். வரவில்லை :-)

இப்போது சிரிக்கிறேன். அப்பாவுக்கு 79 வயசு, சர்க்கரை வேறு. முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். கடைசியில் துண்டை எடுத்து ஆட்டி, கீழே இருந்த வாட்ச்மேன் பார்த்து, இன்டர்காமில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி... உள்ளேயிருந்து அம்மா திருகினாலும் அதே லொடலொடதான்.

அம்மா போன் போட்டது எனக்கில்லை. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரிக்கு. நாங்கள் மயிலாப்பூரில் இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கதவெல்லாம் அவர் பொறுப்பு. டிவிஎஸ் ஐம்பதில் வந்தார். "ஐயாவை அந்தாண்ட நாற்காலியில உக்காரச் சொல்லுங்கம்மா" என்றார். எப்படிச் சொல்வது? ஜாடைதான். ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பரை ஒதுக்கி நுழைத்தார், நாக்கின் சாய்வான பக்கத்தை நெம்பினார், கதவு திறந்தது. மொத்தம் நாலு நிமிஷம்.

மூணாம் நாள் வந்த கம்பெனிப் பையன் பார்த்துவிட்டு, "சார், இந்த சீரிஸ் நிறுத்திட்டாங்க, டோரையே மாத்திடுங்க" என்றான். ஆசாரியிடம் சொன்னேன். "ஒரு பல்லு போனா ஆளையே மாத்துவாங்களா தம்பி?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இந்த ஊர்க் கதவுகளின் கதையைக் கொஞ்சம் தோண்டினேன்.

நம்ம பழைய கதவுகளுக்குக் கீலே கிடையாது. கதவுப் பலகையின் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் குடுமி. கீழ்க் குடுமி வாசல்படியில் உள்ள குழியில் உட்காரும், மேல் குடுமி நிலையின் துளைக்குள் போகும். கதவின் மொத்தப் பாரமும் தரைக்குத்தான் இறங்கும், பக்கத்துச் சட்டத்தில் தொங்காது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும். கோயில் கோபுர வாசலில் யானை உயரக் கதவை ரெண்டு பேர் தள்ளித் திறப்பது இந்தக் குடுமியால்தான்.

பூட்டும் தாழும் நமக்குப் புதுசில்லை. வள்ளுவரே அன்புடைமை அதிகாரத்தில் தாழைக் கொண்டுவருகிறார். கதவு மாட்டிக்கொள்வதும் புதுசில்லை! திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில், சாத்தியே கிடந்த கோயில் கதவு திறக்க அப்பர் பதிகம் பாடியதும், திரும்ப அடைக்கச் சம்பந்தர் பாடியதும் பெரியபுராணக் கதை. அடைக்க ஒரே பாட்டு போதுமாக இருந்ததாம். திறக்கத்தான் நேரம் பிடித்தது. எங்கள் பால்கனிக் கதவும் அதே ஜாதி.

குடுமி தேய்ந்தால் கதவு இறங்கும், தரையில் உரசும். கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். ஆசாரி வந்து கதவைத் தூக்கி வெளியே எடுப்பார், இரும்புப் பூண் போடுவார், விளக்கெண்ணெய் விடுவார், திரும்ப உட்கார வைப்பார். நாதாங்கி, கொண்டி, தாழ்ப்பாள் எல்லாம் கொல்லர் அடித்துக் கொடுத்தவை. எது உடைந்தாலும் அதே தெருவில் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரன் காலத்தில் கீல் பரவியது, கூடவே பர்மா தேக்கும். 1852 யுத்தத்தில் கீழ் பர்மா பிரிட்டிஷ் கைக்குப் போன பிறகு ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு வந்து இறங்கியது. நம்ம நகரத்தார் அங்கே லேவாதேவி பண்ணிச் சம்பாதித்தது தனிக் கதை. அடையாறு பக்கத்துத் தோட்ட வீடுகளில் ஆள் உயர பிரெஞ்சு ஜன்னல்கள் வந்தன. அதில் ஒரு சாமான் உண்டு. நடுவில் ஒரு கைப்பிடி. அதைத் திருகினால் நீளமான கம்பி மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் பூட்டும். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் எஸ்பானியோலெத், குட்டி ஸ்பானியக்காரி மாதிரி அர்த்தம். ஒரு கைப்பிடி, பல இடத்தில் பூட்டு. எங்கள் வீட்டில் உடைந்து தொலைந்ததும் இந்தக் குடும்பத்துப் பேத்திதான். ஒரே வித்தியாசம், பாட்டி கதவின் முகத்தில் வெளியே தெரிய இருந்தாள், பேத்தி சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறாள்.

பூட்டின் கதை இதைவிட சுவாரசியம். 1817-ல் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். அதற்கு மறு வருஷம் ஜெரமையா சப் ஒரு பூட்டு செய்தார். உள்ளே பித்தளை நெம்புத் தகடுகள். சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். தப்பான சாவி ஒன்றைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டால் பூட்டே இறுகிக்கொள்ளும், "எவனோ கைவைத்திருக்கிறான்" என்று சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். 1851 லண்டன் பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதை 25 நிமிஷத்தில் திறந்து மானத்தை வாங்கினார். அறுபது வருஷமாக, திறந்தால் 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் தொங்கிய பிராமா பூட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதற்கு மட்டும் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இதே நெம்புத் தகடு வேலையை நம்ம திண்டுக்கல்லில் கையால் செய்தார்கள். மாங்காய்ப் பூட்டு என்று மாங்காய் வடிவத்திலேயே ஒன்று. தகரம் வெட்டி, அரத்தால் ராவி, ஒவ்வொரு சாவிக்கும் தனியாகப் பல் வெட்டி. அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் 1897-ல் பூட்டுத் தொழில் தொடங்கினார். அதற்கு முன்னால் ஆப்பிரிக்காவில் ஜான்ஸிபாரில் வக்கீலாக இருந்து அந்தத் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். மெஷின் பூட்டும் அலிகார் பூட்டும் விலையில் அடித்ததில் திண்டுக்கல் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பிள்ளைகள் பட்டறைப் பக்கமே வராமல் போன பிறகு கொடுத்தார்கள் என்பது என் வருத்தம்.

தி.நகருக்கு வருவோம். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டை. அங்கே வந்த புது மோஸ்தர் வீடுகளில் வளைவான பால்கனி, இரும்புச் சட்ட ஜன்னல், பித்தளைக் கைப்பிடி. மூலை திரும்பும் இடத்தில்கூட ஜன்னல் வைத்தார்கள், பார்க்க ஜோர். ஆனால் இரும்பு துருப்பிடித்தால் உப்பும், உப்பினால் கண்ணாடி விரியும். வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்து அடித்து, ஜன்னல் மூடவே மூடாது. என் பெரியப்பா வீட்டில் அப்படி ஒன்று முப்பது வருஷம் பாதி திறந்தே இருந்தது. மழை வந்தால் கோணி.

பழசெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மரக்கதவு ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு உள்ளே போனவரை வெளியே விடாது. கரையான் தனி. அலுமினியம் ஸ்லைடிங் வந்தபோது எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம், உருளை தேயும் வரை.

யுபிவிசி ஜன்னல் 1950-களில் ஜெர்மனியில் பிறந்தது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைக்கும் யோசனை அதைவிடக் கிழடு. அமெரிக்காவில் ஸ்டெட்சன் என்பவர் 1865-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ரெண்டுமே பனி ஊர்களில், வீட்டுக்குள் சூடு தங்கத்தான் வளர்ந்தன. சென்னைக்கு 2000-களில் வந்தபோது காரணம் தலைகீழ். ஏசி குளிர் வெளியே போகக்கூடாது, தி.நகர் ஹாரன் உள்ளே வரக்கூடாது. அப்புறம் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மயிலாப்பூரிலும் அடையாறிலும் தோண்ட ஆரம்பித்தார்களா, தூசிக்குப் பயந்தும் போட்டார்கள்.

இனிமேல்தான் விஷயம். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் இரண்டரை கிலோ. ஐந்து மில்லிமீட்டரில் ரெண்டு கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. எங்கள் கதவில் ஒன்றரை சதுர மீட்டர் இருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 38 கிலோ கண்ணாடி மட்டும். குடுமிக் கதவில் பாரம் தரைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? இங்கே அவ்வளவும் மூணு கீலில் தொங்குகிறது. வருஷம் போகப் போகக் கதவு ரெண்டு மில்லிமீட்டர் இறங்கும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் சட்டத்துக்குள் இருக்கிற பூட்டு நாக்குகள் எதிரில் உள்ள பள்ளத்தில் நேராக உட்காராது. நாம் என்ன பண்ணுவோம்? கைப்பிடியை அழுத்தி, முழங்கையால் ஒரு இடி இடித்து மூடுவோம். உள்ளே இருக்கிற குட்டி கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் பல் முறியும். குற்றவாளி கீல், மாட்டிக்கொண்டது பூட்டு.

ஆசாரி இதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார். பூட்டைத் தொடவே இல்லை, முதலில் கதவின் மேல் சந்தையும் கீழ்ச் சந்தையும் அளந்தார். பிறகு கண்ணாடியைப் பிடிக்கும் பட்டியைக் கழற்றி, கீழே கீல் பக்கத்து மூலையிலும், அதற்கு எதிர் மூலையில் மேலேயும் பிளாஸ்டிக் ஆப்பு வைத்தார். கண்ணாடியே குறுக்குச் சட்டம் மாதிரி கதவைத் தாங்கும். "பலகைக் கதவுல பின்னாடி குறுக்க ஒரு சட்டம் அடிப்போம்ல, அதே லாஜிக் தம்பி" என்றார். கீலில் ஒரு ஆலன் கீ போட்டு ரெண்டு சுத்து. கதவு எழும்பியது.

கியர்பாக்ஸ்? அதை நீளப் பட்டையோடு உருவி எடுத்துத் துணியில் சுற்றி பாரிமுனைக்குப் போனோம். கதவுப் பூட்டில் பார்க்க வேண்டியது கம்பெனிப் பெயர் இல்லை, அளவு. கைப்பிடிக் கம்பி நுழையும் சதுரத் துளை, அந்தத் துளைக்கும் சாவித் துளைக்கும் உள்ள தூரம், துளையிலிருந்து பட்டை முகம் வரை உள்ள தூரம். இது மூன்றும் பொருந்தினால் எவன் செய்ததும் சேரும். ஜன்னல் கைப்பிடி இன்னும் சுலபம், ஐரோப்பிய அளவில் 7 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, ரெண்டு திருகாணிக்கு நடுவே 43 மில்லிமீட்டர். மூணாவது கடையில் கிடைத்தது. புதுக் கதவுக்குச் சொன்ன விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "வீடு எங்க சார்?" அடையாறு என்றதும் திருகாணியை மாற்றிக் கொடுத்தார். 304 எஃகு கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316-ல் மாலிப்டினம் ரெண்டு சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கும், உப்புக் காத்தைத் தாங்கும். பெசன்ட் நகரில் சாதாரணத் துத்தநாகப் பூச்சுக் கீல் போட்டவர்கள் 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசாரி போகும்போது அம்மாவிடம் சொன்னது: தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க, பிசுபிசுத்து தூசியைப் புடிக்கும். தையல் மிஷின் எண்ணெய், ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி, பட்டையில மட்டும். சாவித் துளைக்கு எண்ணெயே வேண்டாம், பென்சில் தூள் போதும். அவர் மகன் கூரியர் கம்பெனியில் இருக்கிறான். பட்டறைக்கு வருவதில்லை.

கதவு இப்போது ஒரு விரலில் திறக்கிறது. அப்பாதான் நம்பவில்லை. பரணில் கிடந்த அம்மிக்குழவியை இறக்கச் சொல்லி, துளசிக்குத் தண்ணி ஊத்தப் போகும்போதெல்லாம் அதைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போகிறார்.