யார் வழிகாட்டினார்கள்? தமிழகப் பள்ளிகளும் உயர்கல்விக்கான ஆயத்தமும்: 1953 முதல் இன்று வரை

பள்ளி இறுதி வகுப்பை முடிக்கும் மாணவருக்கு அடுத்து என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், அதற்கு எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லித் தருவது பள்ளியின் கடமை. இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953இல் அளித்த அறிக்கையில் வழிகாட்டலுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. ஆனால் தமிழக அரசுப் பள்ளிகளில் அது மாநிலம் தழுவிய திட்டமாக உருப்பெற்றது 2022இல்தான். இடையில் கடந்த ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டியது யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சேர்க்கை விதிகள் மாறியபோதெல்லாம் வழிகாட்டும் வேலை பள்ளிக்கு வெளியே இருந்தவர்களின் கைக்கே போனது என்பதும், வீட்டில் பட்டதாரி இல்லாத பிள்ளைகளே அதனால் மிகுதியாக இழந்தார்கள் என்பதும் என் முடிவு.

முதலியார் குழு தன் பரிந்துரைக்குச் சொன்ன காரணம் எளியது. மாணவர் அனைவரையும் ஒரே ஏட்டுக்கல்வியில் அடைக்காமல் கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது குழு. பிரிவுகள் பல என்றால் எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? 1954இல் டெல்லியில் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மைய அமைப்பு ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆனால் அந்த ஆள் நம் ஊர்ப் பள்ளிக்கு வந்து சேரவில்லை.

அந்நாளில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினொன்றாம் வகுப்பு. தேறியவர் எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து வைப்பார். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடிப்பார். வசதி இருந்தால் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்வார். தமிழில் படித்துவிட்டு வந்த கிராமத்துப் பிள்ளை அங்கே முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் பாடம் கேட்க வேண்டும். அந்த ஓராண்டிலேயே படிப்பை விட்டவர் பலர். மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு நேர்காணலும் இருந்தது. 1970-71 மருத்துவச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண். அச்சேர்க்கையை எதிர்த்துத் தொடரப்பட்ட பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு முறையில் குறை கண்டது. நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடிந்தவர்களுக்கே அம்முறை சாதகமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தனிச் சான்று தேவையில்லை.

1978இல் பி.யூ.சி. போய் மேல்நிலைக் கல்வி வந்தது. கோத்தாரிக் குழு சொன்ன 10+2+3 முறையை எம்.ஜி.ஆர். அரசு ஏற்றதன் விளைவு இது. கல்லூரியில் படிக்க வேண்டியிருந்த படிப்பு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கே வந்ததால், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, இது பெரும் வாசலைத் திறந்தது. அதே நேரத்தில் வாழ்க்கையின் முக்கியமான முடிவு பதினைந்து வயதுக்கு இறங்கி வந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்ற அந்த முடிவுக்குப் பெயர் ‘குரூப்’.

குரூப் எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரம், தலைமையாசிரியர் அறை வாசலில் வரிசை. மேசைமேல் விண்ணப்பங்கள் மதிப்பெண் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே இருப்பவர்களுக்குக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப். அடுத்து இருப்பவர்களுக்குக் காமர்ஸ். கடைசியில் இருப்பவர்களுக்குத் தொழிற்கல்வி. கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்தால் பொறியியல் பக்கம் போக முடியாது, உயிரியல் இல்லையென்றால் மருத்துவம் இல்லை என்று பிள்ளையிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. வரிசையில் கடைசியில் நின்றவர் இயந்திரங்களில் கைதேர்ந்தவராக இருக்கலாம். அதைக் கேட்க அந்த மேசையில் இடமில்லை.

மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வி எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம்மவரான மால்கம் ஆதிசேஷையா. அவர் அறிக்கையும் அதே 1978இல்தான் வெளிவந்தது. செய்து கற்பதைக் கல்வியின் நடுவில் வைத்துப் பார்த்த அறிக்கை அது. பள்ளிகளோ தொழிற்கல்விப் பிரிவை மதிப்பெண் குறைந்தவர்களின் பிரிவாக்கிவிட்டன. ஒரு நல்ல கொள்கை வழிகாட்டும் ஆள் இல்லாததால் தோற்றதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் கல்வி வரலாற்றில் இல்லை.

1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். மேல்நிலை மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்கு கட்ஆஃப் கணக்கிடப்பட்டது. அந்த 100க்கு நகரங்களில் கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. பொதுத்தேர்வு முடிந்ததும் நகரத்துப் பிள்ளை கோச்சிங் போனது. கிராமத்துப் பிள்ளை வயலுக்கோ கடைக்கோ வேலைக்குப் போனது.

1997 முதல் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நேர்மையான ஏற்பாடு. தரவரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து, எல்லோரும் பார்க்கத் திரையில் காலியிடங்களைக் காட்டி, அங்கேயே இடம் ஒதுக்கினார்கள். சிபாரிசுக்கு வழியில்லை. ஆனால் இராமநாதபுரத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் இரவு பஸ் பிடித்துச் சென்னை கிண்டிக்கு வந்து சேர்ந்த அப்பாவும் பிள்ளையும் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் கையில் இருந்தது, முந்தைய ஆண்டு கட்ஆஃப் அச்சிட்ட ஒரு புத்தகமோ நாளிதழ் இணைப்போ. தினமலர் ‘வழிகாட்டி’ போன்ற நிகழ்ச்சிகளில் கூடிய கூட்டத்தைப் பொழுதுபோக்காக வந்த கூட்டமாகக் கருதக் கூடாது. பள்ளி செய்யாத வேலையைப் பத்திரிகைகள் செய்தன. அதே அரங்குகளில் கல்லூரிகள் கடை விரித்திருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஆலோசனையும் விளம்பரமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

நுழைவுத் தேர்வு கிராமப்புற மாணவர்களுக்குப் பாதகமானது என்ற வாதம் வலுத்தது. 2005இல் அதை நீக்க எடுத்த முயற்சி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மு. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் இயற்றப்பட்ட 2006ஆம் ஆண்டுச் சட்டம் நின்றது. 2007-08 முதல் மேல்நிலை மதிப்பெண்ணே போதும் என்றானது. இது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனாலும் போட்டி பள்ளிக்குள் புகுந்தது. நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பல பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. கல்லூரி முதலாண்டில் அடிப்படை தெரியாமல் தடுமாறிய மாணவர்களைப் பேராசிரியர்கள் பார்த்தார்கள். 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு இதுவே காரணம். அதே 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் நுழைவுத் தேர்வு கட்டாயமானது. மருத்துவத்துக்கு மேல்நிலை மதிப்பெண்ணின் பயன் போய், கோச்சிங் சென்டரின் ஆட்சி திரும்பியது.

அரசு கைகட்டி நிற்கவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010இல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. நீதியரசர் முருகேசன் குழுவின் பரிந்துரையின் பேரில் 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றுக்கும் நீண்டது. இவை ஒவ்வொன்றும் பல்லாயிரம் குடும்பங்களின் நிலையை மாற்றக்கூடியவை. ஆனால் சலுகை கையில் கிடைக்கத் தாள்கள் வேண்டும்: முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. எந்தத் தாளை எந்த மாதத்தில் எங்கே வாங்குவது என்பது தெரியாத வீட்டில் சலுகை செய்தித்தாளோடு நின்றுவிடும்.

2018இல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. சென்னைக்குப் போகும் அலைச்சல் தீர்ந்தது உண்மை. இப்போது பிள்ளை கல்லூரிகளின் எண்ணையும் பாடப்பிரிவின் இரண்டெழுத்துக் குறியீட்டையும் விருப்ப வரிசையில் பதிய வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரியின் எண் 1 என்பது பலருக்கும் மனப்பாடம்; பட்டியலில் அதற்குப் பின் வரும் நானூற்றுச் சொச்சக் கல்லூரிகளைப் பற்றி அறிய வழியில்லை. அரசின் உதவி மையங்கள் இருந்தும், ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் போடுபவர் பிரவுசிங் சென்டர்க்காரர்தான். வரிசை முன்பின் ஆனால் ஒதுக்கீடும் மாறிவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும். நான்காண்டுப் படிப்பு பிள்ளையின் தலையில் விழும்.

இந்த இடைவெளியைக் கண்டு தாமாக முன்வந்தவர்களை வரலாறு மறக்கக் கூடாது. 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010இல் வந்த அதன் ‘விதை’ திட்டம், ஊர்தோறும் விடுமுறையைத் தியாகம் செய்த ஆசிரியர்கள், படித்து முடித்த பள்ளிக்கே திரும்பிவந்து தம்பி தங்கைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த முன்னாள் மாணவர்கள் எல்லாரும் சம்பளமில்லாமல் செய்தது அரசு செய்திருக்க வேண்டிய வேலை.

அரசும் மெல்ல அந்த வேலையைக் கையில் எடுத்தது. 2018இல் மாணவர்களுக்கு வழிகாட்ட 14417 என்ற உதவி எண் வந்தது. 2022 மார்ச் 1 அன்று மாநிலம் தழுவிய வழிகாட்டல் திட்டமான ‘நான் முதல்வன்’ தொடங்கியது. அதை ஒட்டி, பன்னிரண்டு முடித்தவர்களுக்கு உயர்கல்வி ஆலோசனை தரும் ‘கல்லூரிக் கனவு’, பன்னிரண்டு முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் போகும் ‘உயர்வுக்குப் படி’, உயர்கல்வி படிக்கும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’, 2024இல் மாணவர்களுக்கும் அதேபோல் ‘தமிழ்ப் புதல்வன்’ ஆகியவை வந்தன. இவற்றுள் என் மதிப்பீட்டில் மிக முக்கியமானது, அதிகம் பேசப்படாத ‘உயர்வுக்குப் படி’. தேர்ச்சி விகிதத்தோடு தன் கணக்கை முடித்துக்கொண்டிருந்த பள்ளிக் கல்வித் துறை, தேறிய பிள்ளை எங்கே போனது என்று பெயர் வாரியாகக் கேட்டது அதில்.

உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழகத்தில் 2021-22 கணக்கெடுப்பின்படி 47 விழுக்காடு. இந்திய அளவில் 28.4. நான் முதல்வனுக்கு முந்தைய எண் இது. மதிய உணவும் இடஒதுக்கீடும் ஊர்தோறும் பள்ளியும் சேர்ந்து ஈட்டியது. ஆனால் உயர்கல்வியில் சேராதவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிகளின் பொறுப்பில் இருந்தவர்கள்தாம் என்று கொள்வதில் தவறிருக்காது.

இன்றும் வழிகாட்டி ஆசிரியர் என்பவர் தன் பாடத்தை நடத்திக்கொண்டு, தேர்வுத் தாள் திருத்திக்கொண்டு, மீந்த நேரத்தில் இதைச் செய்பவர். திட்டத்தின் பெயர் மாறினாலோ அவருக்கு இடமாறுதல் வந்தாலோ எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அரசு செய்ய வேண்டியது இது: ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் முழுநேர வழிகாட்டி ஆசிரியர் பணியிடம் ஒன்றை உருவாக்கி, அவர் வேலையைப் பன்னிரண்டாம் வகுப்பிலன்றி, குரூப் முடிவாகும் முன்பே, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கச் செய்ய வேண்டும்.