பத்து நாள், பத்துத் தோல்வி: பிலடெல்பியா 1964

இன்னைக்கு ஒரு தோல்வியோட கதை. ஒரு ஆட்டத்துல தோத்த கதை இல்ல. ஒரு முழு சீசனையும் ஜெயிச்சு முடிக்கப் போற நேரத்துல கோட்டை விட்ட கதை. இடம் அமெரிக்கா, ஆட்டம் பேஸ்பால், அணி பிலடெல்பியா பில்லிஸ், மாதம் 1964 செப்டம்பர்.

முதல்லயே சொல்லிடறேன், நான் பில்லிஸ் ரசிகன். அதனால நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. 2022ல உலகத் தொடர் வரைக்கும் போய்த் தோத்தோம். 2023ல அதுக்கு முந்தின சுற்றுல 2-0ன்னு முன்னாடி இருந்துட்டுத் தோத்தோம். 2024ல அதுக்கும் முந்தின சுற்றுலயே மூட்டை கட்டியாச்சு. 2025ல 96 ஆட்டம் ஜெயிச்சோம். அப்புறம் மறுபடியும் அதே சுற்று; 11வது இன்னிங்ஸ்ல ஒரு இளம் பிட்சர் ஹோம் பிளேட்டுக்கு எறிஞ்ச பந்து கேட்சரைத் தாண்டிப் போச்சு, சீசன் முடிஞ்சது. அதுக்கப்புறம் ஃபோனைத் திறந்தா அந்த ஒரு பையனுக்குத்தான் அர்ச்சனை. ஆறு மாச ஆட்டத்தோட மொத்த ஏமாற்றத்தையும் ஒருத்தர் தலையில இறக்கி வைக்கிற பழக்கம் இந்த ஊருக்குப் புதுசில்ல. அதனாலதான் 1964க்குப் போறோம்.

அப்போ பிளே-ஆஃப் சுற்றுகள் கிடையாது. நேஷனல் லீக்ல 10 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டம். முதலிடத்துல முடிக்கிற ஒரே அணி நேரா உலகத் தொடருக்குப் போகும். மத்த ஒன்பது பேரும் வீட்டுக்கு.

செப்டம்பர் 21 காலையில பில்லிஸ் கணக்கு இது: 90 வெற்றி, 60 தோல்வி. இன்னும் 12 ஆட்டம் பாக்கி. அடுத்த இடத்துல இருந்த சின்சினாட்டி ரெட்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ரெண்டு அணியையும் விட ஆறரை ஆட்டம் முன்னிலை. பில்லிஸ் அதுவரைக்கும் உலகத் தொடரை ஜெயிச்சதே இல்ல. 1915ல ஒரு தடவை, 1950ல ஒரு தடவை போய்த் தோத்ததோட சரி. இந்தத் தடவை உலகத் தொடருக்கு டிக்கெட்டே அச்சடிச்சாச்சு.

அன்னைக்கு ராத்திரி ரெட்ஸோட ஆட்டம். 6வது இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட், ரன் இல்ல. மூணாவது பேஸ்ல சிக்கோ ரூயிஸ். பேட் பிடிச்சு நிக்கிறது ஃபிராங்க் ராபின்சன், அந்தக் காலத்தோட மிகப் பெரிய பேட்டர்களில் ஒருத்தர். அவர் அடிக்கட்டும்னு காத்திருக்கிறதுதான் யாரும் செய்யற வேலை. ரூயிஸ் காத்திருக்கல. பிட்சர் ஆர்ட் மஹாஃபி பந்தை எறியத் தொடங்கினதுமே ஹோம் பிளேட்டை நோக்கி ஓட ஆரம்பிச்சுட்டார். பதறிப்போன மஹாஃபியோட பந்து கேட்சர் கைக்கு எட்டாம விலகிப் போச்சு. 1-0. அந்த ஒரே ரன்னில் ஆட்டம் முடிந்தது.

அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. ரெட்ஸிடம் மூன்று, மில்வாக்கி பிரேவ்ஸிடம் நான்கு, கார்டினல்ஸிடம் மூன்று. பத்து நாளில் பத்துத் தோல்வி. செப்டம்பர் 27 அன்று ஜானி காலிசன் மூன்று ஹோம் ரன் அடித்தார். அணி 14-8 என்று தோற்றது. அன்னைக்கே முதலிடமும் கைவிட்டுப் போச்சு.

ஏன் இப்படி? வழக்கமா கைகாட்டறது மேனேஜர் ஜீன் மாக்கைத்தான். அதுல நியாயமும் இருக்கு. பேஸ்பால்ல பிட்சரோட தோள் ஒரு ஆட்டத்துக்கப்புறம் தேற நாள் ஆகும். அந்தக் காலத்துல மூணு நாள் ஓய்வு சாதாரணம். மாக் தன்னோட ரெண்டு சிறந்த பிட்சர்கள் ஜிம் பன்னிங், கிறிஸ் ஷார்ட் ரெண்டு பேரையும் ரெண்டே நாள் ஓய்வுல திரும்பத் திரும்ப இறக்கினார். பன்னிங் அந்த ஜூன்லதான் மெட்ஸ் அணிக்கு எதிரா ஒருத்தரையும் பேஸுக்கு விடாம ‘பெர்ஃபெக்ட் கேம்’ எறிஞ்சிருந்தார். அப்படிப்பட்டவர் செப்டம்பர் 24, 27, 30 மூணு நாளும் இறங்கி மூணுலயும் தோத்தார்.

ஆனா மாக் கையில வேற என்ன இருந்துச்சுன்னும் பார்க்கணும். டென்னிஸ் பென்னட்டுக்குத் தோள் வலி. கடைசிக் கட்டத்துக்காக வாங்கின பேட்டர் ஃபிராங்க் தாமஸுக்கு செப்டம்பர் 8ல கட்டைவிரல் முறிஞ்சது. முன்னிலை கரையக் கரையப் பயம் கூடுது, பயத்துல நல்ல பிட்சரைச் சீக்கிரம் கூப்பிடறார், அவர் களைச்சுப் போய்த் தோக்கறார், பயம் இன்னும் கூடுது. ஒரு ஆளோட முட்டாள்தனம்னு சொல்றதை விட இந்தச் சுழல்தான் எனக்குப் புரியுது.

சரி, ஊரோட கோபம் எங்கே போச்சு? இதுதான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது.

அந்த அணியில டிக் ஆலன்னு ஒரு 22 வயசுப் பையன். முதல் முழு சீசன். 29 ஹோம் ரன், 201 ஹிட், லீக்கிலேயே அதிகமா 125 ரன். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது அவருக்குத்தான். சரிவு வாரத்துல கூட, செப்டம்பர் 25 ஆட்டத்தை 10வது இன்னிங்ஸ்ல சமன் செஞ்ச ஹோம் ரன் அவரோடது. ஆனா மூணாவது பேஸ்ல அவருக்குப் பழக்கமில்லாத இடம். அந்த சீசன்ல 41 தடவை ஃபீல்டிங்ல பிழை விட்டார். கூட்டத்துக்கு அது போதும்.

அவர் கறுப்பினத்தவர். நேஷனல் லீக்ல கறுப்பின வீரரைக் கடைசியா சேர்த்த அணி பில்லிஸ். 1957 வரைக்கும் இழுத்தாங்க. 1963ல ஆலனை லிட்டில் ராக் நகரத்து கிளை அணிக்கு அனுப்பினாங்க. அங்கே அவர்தான் முதல் கறுப்பின வீரர். 1964 ஆகஸ்ட் கடைசியில், பில்லிஸ் மைதானம் இருந்த அதே வடக்கு பிலடெல்பியாவில் போலீஸோட மோதலாகி மூணு நாள் கலவரம் நடந்தது. சரிவு தொடங்க ஒரு மாசம் கூட இல்ல.

1965 ஜூலையில் பயிற்சியின்போது ஆலனுக்கும் ஃபிராங்க் தாமஸுக்கும் சண்டை. தாமஸ் பேட்டால் அவர் தோளில் அடித்தார். அணி தாமஸை வெளியே அனுப்பிவிட்டு, ஆலனை வாய் திறக்கக் கூடாது என்றது. நடந்தது என்னன்னு தெரியாத கூட்டம் ஆலனைத்தான் குற்றவாளி ஆக்கியது. வருஷக்கணக்கா கேலி, அவர் மேல வீசின பொருட்கள். ஃபீல்டிங் நிற்கும்போதும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு நின்னார் மனுஷன்.

1969ல அவரை கார்டினல்ஸுக்கு மாற்றினாங்க. பதிலுக்கு வரவேண்டியவங்கள்ல ஒருத்தர் கர்ட் ஃபிளட், 1964ல நம்மை முந்திய அதே அணியோட வீரர். பிலடெல்பியாவுக்கு வரமாட்டேன், என்னை விற்கவும் வாங்கவும் உங்களுக்கு உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1972ல வழக்குல தோத்தார். ஆனா சில வருஷத்துல வீரர்கள் தங்கள் அணியைத் தாங்களே தேர்ந்தெடுக்கற உரிமை வந்தது.

பில்லிஸ் முதல் உலகத் தொடரை ஜெயிச்சது 1980ல. ஆலனோட 15ஆம் எண்ணுக்கு அணி மரியாதை செஞ்சது 2020 செப்டம்பர்ல. அதே டிசம்பர்ல அவர் இறந்துட்டார். ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவர் தேர்வானது 2024 டிசம்பர்ல. பார்க்க அவர் இல்ல.

1964 அக்டோபர் 4, சீசனோட கடைசி நாள். பில்லிஸ் ரெட்ஸை 10-0ன்னு அடிச்சாங்க, பிட்சர் பன்னிங். மெட்ஸ் மட்டும் கார்டினல்ஸைத் தோற்கடிச்சிருந்தா மூணு அணியும் சமமாகியிருக்கும். கார்டினல்ஸ் 11-5ன்னு ஜெயிச்சாங்க. 93 வெற்றி அவங்களுக்கு, 92 நமக்கு. ஒரே ஒரு ஆட்டம். அந்த ஒண்ணு எங்கே போச்சுன்னு தேடினா பத்து ஆட்டத்துலயும் கிடைக்கும், பத்துப் பேர்கிட்டயும் கிடைக்கும்.

ரசிகனுக்குக் கோபப்பட உரிமை உண்டு. நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கோபத்தைச் சுமக்க ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏன் அவரைன்னு மட்டும் ஒரு தடவை கேட்டுக்குங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.