மருந்தும் வேளையும்

தமிழில் 'வேளை' என்னும் சொல் பொழுதைக் குறிக்கும். ஒருமுறை உட்கொள்ளும் மருந்தையும் குறிக்கும். 'இரண்டு வேளை மருந்து' என்னும்போது இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தில், நோயாளியையும் நோயையும் போலவே காலத்தையும் மருத்துவன் ஆராய வேண்டும் என்கிறார். அடுத்த குறளிலேயே, மருந்தை உடனிருந்து கொடுப்பவரை மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைக்கிறார். காலமும் கொடுப்பவரும் இணைந்தால்தான் மருந்து பயன் தரும் என்பதற்குக் கிள்ளான் வட்டார வரலாறு நல்ல சான்று.

1901 இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். அவ்வாண்டில் கிள்ளானிலும், பிற்காலத்தில் போர்ட் கிள்ளான் எனப் பெயர் பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டியபின், 1902 இல் அத்தொகை 59 ஆகக் குறைந்தது.

ஆயினும் நகரத்து வடிகால் தோட்டங்களைக் காக்கவில்லை. காடழித்து ரப்பர் நட்ட தமிழ்த் தொழிலாளருக்கு அங்கே கொயினாவே துணை. அது உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. ஆதலின் நாள்தோறும் கொடுக்க வேண்டும். கசப்பு மிக்கது, காதில் இரைச்சலையும் உண்டாக்குவது. ஆதலின் கையில் கொடுத்தனுப்பினால் போதாது, விழுங்குவதைக் கண்ணால் காண வேண்டும். எல்லோரும் கூடும் பெரட்டு நேரமே இதற்கு வாய்ப்பாயிற்று. ஆனால் அது வேலைக்காக அமைந்த வேளை. காய்ச்சலால் எழ இயலாமல் லயத்தில் கிடந்தவரே பெரட்டுக்கு வராதவர். மருந்து மிகவும் வேண்டியவரும் அவரே. தோட்டத்து டிரெசர் லயத்துக்குச் சென்றாலன்றி அவருக்கு மருந்து எட்டாது. கொயினாவை மட்டும் நம்பித் தோட்டங்களை மலேரியாவிலிருந்து மீட்க முடியாது என்று அனுபவத்தில் கண்ட வாட்சன், கொசு பெருகும் இடங்களை ஒழிப்பதையே வலியுறுத்தினார்.

வேளை எதனைப் பொறுத்து அமைய வேண்டும் என்னும் கேள்வி சென்னையிலும் எழுந்தது. 1956 இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், ஐசோனியாசிட் மருந்தை இருவேளையாகப் பகிர்ந்து கொடுப்பதைவிட, நாளுக்கு ஒரே வேளையாகக் கொடுப்பது மேலான பயன் தருவதைக் கண்டது. வீட்டில் தாமே மருந்துண்பவர் பலர் இடையில் தவறவிடுவதால், வாரம் இருமுறை நேரில் கொடுக்கும் முறையையும் அது சோதித்தது.

மருத்துவமனைத் தாதியருக்கும் இது பொருந்தும். குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பின்னாக எல்லா மருந்தையும் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் இருந்தது. அவ்விதி அவசரத்தையும் பிழையையும் வளர்த்ததாகத் தாதியர் எடுத்துரைத்தனர். 2011 இல் அது தளர்த்தப்பட்டது. நேரம் தவறினால் கேடு விளைக்கும் மருந்துகளுக்கு அரைமணி, ஏனையவற்றுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் எனப் புதிய வழிகாட்டுதல் பிறந்தது.

மணி பார்த்து மருந்து நீட்டுவது தொழிலின் ஒரு பாதி. அம்மணி எந்த மருந்துக்காக, எந்த நோயாளிக்காக அமைந்தது என்று அறிவதும், பெரட்டுக்கு வராதவரைத் தேடிச் செல்வதும் மறுபாதி.