டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பாக ஸ்பார்க் பிளக் பொறி விட வேண்டும் என்று கணக்கிட்டு வைப்பதே இக்னிஷன் டைமிங். பழைய அமெரிக்க மசில் கார்களில் இந்தப் பொறுப்பு டிஸ்ட்ரிபியூட்டருடையது. 1955-இல் 265 கன அங்குலத்தில் பிறந்து, 1967-இல் கமாரோவில் 350 கன அங்குலமாக வளர்ந்த ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் வி8 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பெட்ரோல் கலவை எரிந்து முடியச் சற்று நேரம் பிடிக்கும். 800 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 5 டிகிரிகூடத் திரும்பாது. 3000-இல் அதே நேரத்தில் 18 டிகிரி ஓடிவிடும். வேகம் ஏற ஏறப் பொறியும் முந்தியாக வேண்டும்.

அதனால் டைமிங் மூன்று பங்காக அமைகிறது. ஐடிலில் வைக்கும் அடிப்படை டைமிங் பெரும்பாலும் 8 முதல் 12 டிகிரி. வேகம் கூடும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரு எடைகள் ஸ்பிரிங்குகளை இழுத்துக்கொண்டு விரிந்து, ஏறத்தாழ 3000 ஆர்பிஎம்முக்குள் மொத்தத்தை 34–36 டிகிரிக்குக் கொண்டுசெல்லும். மூன்றாவதான வேக்யூம் அட்வான்ஸ், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராக ஓட்டும்போது கூடுதலாகச் சேரும்.

பாயின்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் முதலில் டுவெல்லை, அதாவது பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை, 30 டிகிரிக்கு வைக்க வேண்டும். அது மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்ட வேண்டும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை இடஞ்சுழியாகத் திருப்பினால் பொறி முந்தும்; வலஞ்சுழியாகத் திருப்பினால் பிந்தும்.

முழு அட்வான்ஸைப் பார்க்க எஞ்சினில் இருக்கும் அளவுத் தகடு போதாது. கிராங்கின் முன்முனையில் உள்ள 8 அங்குல பாலன்சரில், பூஜ்யக் கோட்டிலிருந்து சுழலும் திசையில் 2.5 அங்குலம் அளந்து வெள்ளைக் கோடு போட்டால் அது 36 டிகிரி. 3000 ஆர்பிஎம்மில் லைட் அடிக்கும்போது இந்தக் கோடு தகட்டின் பூஜ்யத்துக்கு நேரே அசையாமல் நின்றால் வேலை சரி.

அளவு மீறி முந்தினால் மேடேறும்போது எஞ்சின் தட்டும்; அப்படியே ஓட்டினால் பிஸ்டனே உடையலாம். பிந்தினால் இழுவை குறையும், எக்ஸாஸ்ட் அளவுக்கு மீறிச் சூடேறும்.

1975-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பரவலாக வந்த எச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) பாயின்ட்டை நீக்கியது. எடைகளும் வேக்யூம் டப்பாவும் அதிலும் தொடர்ந்தன.