கடற்பூதத்தின் வரவுப் பாட்டு

கண்ணுக்கு எட்டுமுன் காதுக்கு எட்டிவிடுவது கடலின் இயல்பு. தெற்கே சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல் வழியாக வடக்கே கற்பிட்டி முனை வரை, புத்தளம் மாவட்டக் கரையில் வாழும் மீனவர் இதனை நன்கறிவர். விடியற்பொழுதின் மங்கலில் உடப்புக் கரையில் கரைவலை இழுக்கப்படும்போது, தூரத்தில் நிற்பவருக்கு வலையும் தெரியாது, இழுப்போர் முகமும் தெரியாது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டு மட்டுமே கேட்கும். பாட்டு வருகிறது என்றால் வலை வருகிறது என்று பொருள்.

இந்த உண்மையைக் கூத்துக் கலையும் நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஈழத்து நாட்டுக்கூத்தில் எந்தப் பாத்திரமும் வாளா மேடையேறுவதில்லை. அரசனுக்கு ஒரு வரவுத் தாளக்கட்டு, அரக்கனுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று. அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டியதும், வருவது இன்னார் என்று களரியைச் சூழ்ந்திருப்போர் அறிந்துகொள்வர். தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலோ, இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று பாத்திரம் தன் வரவைப் பாடும். முகம் பின்னரே தெரியும்.

ஒலியை முன்னே அனுப்பி உருவத்தைப் பின்னே காட்டும் இம்முறையை, கடலிலிருந்து எழும் ஒரு பூதத்துக்குப் பயன்படுத்திப் பெரும்புகழ் பெற்ற நாடு யப்பான். அங்கே 1954ஆம் ஆண்டு பிறந்த ‘கொஜிரா’வை உலகம் கோட்சில்லா என்ற பெயரால் அறியும். கொரில்லாவும், திமிங்கிலத்தைக் குறிக்கும் யப்பானியச் சொல்லாகிய ‘குஜிரா’வும் சேர்ந்தே அப்பெயர் அமைந்தது. அந்தப் பூதத்தை விளையாட்டுப் பொம்மையாக மட்டும் அறிந்தவர் பலர். அது பிறந்த வேளையை நினைவுகூர்ந்தால்தான் அதன் இசையின் பொருள் விளங்கும்.

1954 மார்ச் 1ஆம் திகதி, பசிபிக் கடலில் பிக்கினித் தீவருகே அமெரிக்கா ஐதரசன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. ‘ஐந்தாம் நற்பேற்று நாகம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட யப்பானிய மீன்பிடிப் படகொன்று அவ்வேளை அக்கடலில் இருந்தது. வெண்சாம்பல் மழைபோல் அதன்மீது பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சினால் நோயுற்றனர். அப்படகின் வானொலித் தொடர்பாளர் ஐக்கிச்சி குபோயாமா, செப்டெம்பர் 23ஆம் திகதி உயிர்நீத்தார். யப்பானிய மக்கள் மீன் வாங்கவே அஞ்சினர். ஆறு வாரம் நிறைவதற்குள், நவம்பர் 3ஆம் திகதி, ‘கொஜிரா’ திரைக்கு வந்தது. குண்டுச் சோதனையால் உறைவிடம் குலைந்த ஒரு பேருயிர் கடலடியிலிருந்து எழுந்து படகுகளை அழித்து, பின்னர் டோக்கியோ நகரை எரிப்பதே கதை. படத்தை நெறிப்படுத்திய இஷிரோ ஹொண்டா, போரிலிருந்து வீடு திரும்பும் வழியில் அழிந்துகிடந்த இரோசிமாவைக் கண்டவர்.

அப்படத்துக்கு இசையமைத்தவர் அக்கிரா இஃபுக்குபே. 1914இல் வடக்கே ஹொக்கைடோத் தீவின் குஷிரோ நகரிற் பிறந்த அவர், இளமையில் ஐனு என்னும் தொல்குடி மக்களின் பாட்டையும் ஆட்டத்தையும் கேட்டும் கண்டும் வளர்ந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் கற்றது வனவியல். இசையைத் தாமாகவே பயின்றார். 1935இல் ‘யப்பானிய ராப்சொடி’ என்ற அவரது இசையாக்கம் ரஷிய இசைஞர் செரெப்னின் பெயரால் அமைந்த பரிசை வென்றது. குறுகிய ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப ஒலித்து, அதன் கனத்தினாலேயே கேட்போரைப் பிணிக்கும் முறை அவருடையது. தொல்குடி இசையிலிருந்து அவர் பெற்ற செல்வம் அது.

போர்க்காலத்தில் அவர் மரத்தின் வலிமையை ஆராயும் பணியில் அமர்த்தப்பட்டு, போதிய காப்பின்றி எக்ஸ் கதிர்களைக் கையாண்டு நோயுற்றார். ஒளிரும் வண்ணப்பூச்சை ஆராய்ந்த அவர் தமையனார் 1942இல் இறந்தார். அதற்கும் கதிர்வீச்சே காரணமென்று கருதப்பட்டது. ஆகவே, கதிர்வீச்சிற் பிறந்த பூதத்துக்கு இசை எழுத அமர்ந்தவர், அக்கொடுமையைத் தம் உடம்பிலும் குடும்பத்திலும் பட்டறிந்தவர்.

முதலில் பூதத்துக்குக் குரல் வேண்டியிருந்தது. விலங்குகளின் குரல்களைப் பதிவுசெய்து பார்த்தும் பொருந்தவில்லை. இஃபுக்குபே, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கொன்ட்ராபாஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியை எடுத்தார். பிசின் பூசிய தோற் கையுறையால் அதன் நரம்புகளை உரசி இழுக்கச் செய்து, அவ்வொலியைப் பதிந்து வேகத்தை மாற்றினார்கள். உலகறிந்த அந்த ஓலம் இவ்வாறு பிறந்தது. தொண்டையில் எழாமல் ஓர் இசைக்கருவியில் எழுந்தமையால், அதிற் சினத்தோடு வேதனையும் கலந்து ஒலித்தது.

அடுத்தது வரவு இசை. படம் தொடங்கும்போது திரையில் உருவம் எதுவும் இல்லை. இருளில் எழுத்துக்கள் தோன்ற, கனத்த காலடி ஓசையும் ஓலமும் கேட்கின்றன. பின்னர் தந்திக் கருவிகள் மேலிருந்து கீழே அடுத்தடுத்து இறங்கும் மூன்று சுரங்களைப் பற்றிக்கொண்டு, விடாது திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. தாளம் நான்கும் ஐந்துமாகச் சேர்ந்து ஒன்பதாக நடக்கிறது. ஒன்பதெண்ணிக்கைச் சங்கீர்ண நடையை அறிந்த தமிழ்க் காதுக்கு இது புதிதன்று. ஆயினும் சீராக நடைபோடும் படையணியின் இசை என்று எண்ணிக் கேட்பவருக்கு, எங்கோ ஓரடி மிகுந்து நிற்பதுபோன்ற அமைதியின்மை தோன்றும்.

படையணி என்று சொன்னது காரணத்தோடுதான். இன்று கோட்சில்லாவின் பண் என்று உலகமே கொண்டாடும் அந்த இசை, 1954இல் பூதத்துக்கு உரியதாக இருக்கவில்லை. பூதத்தை எதிர்க்கப் புறப்படும் படையினரின் காட்சிகளோடுதான் அது அப்படத்தில் ஒலித்தது. பூதம் நகரை அழிக்கும் காட்சிக்கு, தாழ்ந்த பித்தளைக் குழல்கள் மெல்ல நகரும் வேறோர் இசை அமைந்தது. 1962இல் ‘கிங்கொங்’ என்னும் குரங்குப் பூதத்தோடு அது பொருதிய படத்திலும், அதனைத் தொடர்ந்த படங்களிலும் இக்கன இசையே வளர்க்கப்பட்டது. மக்கள் காதில் நிலைத்ததோ முகப்பிசை. 1975இல் வெளிவந்த படத்தில் இஃபுக்குபேயே அந்த முகப்பிசையைப் பூதத்தின் பண்ணாக்கினார். மனிதனுக்கென்று எழுதிய இசை இருபது ஆண்டுகளில் பூதத்தைச் சென்றடைந்தது. குண்டைச் செய்தவனும் மனிதன், குண்டினால் எழுந்த பூதத்தோடு போரிட்டவனும் மனிதன் எனும்போது, இவ்விருவர்க்கும் ஒரே பண் பொருந்தியது வியப்பன்று.

பூதங்கள் பெருகியபோது பண்களும் பெருகின. 1956இல் வானிற் பறக்கும் ‘ரோடன்’ வந்தது. 1961இல் ‘மொத்ரா’ என்னும் பெரும் விட்டில் வந்தது. அதற்கு யூஜி கொசெக்கி அமைத்த பாட்டை, ‘பீநட்ஸ்’ எனப் புகழ்பெற்ற இரட்டைச் சகோதரியர் பாடினர். அப்பாட்டின் மொழி யப்பானியமன்று, இந்தோனேசியம். இலங்கை மலாய் மக்களின் காதில் அதன் சொற்கள் சில பழகிய சொற்களாகவே விழும். மொத்ராவின் வருகையை அப்பாட்டு அறிவிப்பதோடு நில்லாது, அதனை வேண்டி அழைக்கவும் செய்கிறது. ஆகவே அஃது ஒருவகை வழிபாட்டுப் பாடல். 1964இல் மூன்று தலை நாகமாகிய கிடோராவும் வந்து, நான்கு பூதங்கள் ஒரே படத்திற் கூடின. இனங்கண்டுகொள்ளப் பண்கள் உதவின; கூத்துக் களரியில் வரவுத் தாளக்கட்டு ஆற்றும் பணியை அவை ஆற்றின.

இவ்வழக்கு யப்பானுக்கு மட்டும் உரியதன்று. 1933இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கிங்கொங்’ படத்திலும், மாக்ஸ் ஸ்டைனர் அக்குரங்குக்கு இறங்கும் மூன்று சுரங்களையே வழங்கியிருந்தார். 1975இல் ‘ஜோஸ்’ என்ற படத்தில் ஜோன் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களால் கண்ணுக்குத் தெரியாத சுறாவை நீருக்குள் நீந்தச் செய்தார்.

இலங்கையிலும் இதே காலத்தில் பழைய வரவுப் பாட்டு புத்துயிர் பெற்றது. சிலாபம் முதலாகத் தெற்கே நீளும் கத்தோலிக்கக் கரையோரத்தில், தமிழ்க் கூத்தின் வழிவந்த நாடகம வேரூன்றியிருந்தது. யப்பானில் நோ, கபுக்கி நாடகங்களைக் கண்டு திரும்பிய எதிரிவீர சரச்சந்திர, அந்த நாடகம மரபைக்கொண்டு ‘மனமே’ நாடகத்தை 1956 நவம்பர் 3ஆம் திகதி அரங்கேற்றினார். அதில் ஒவ்வொரு பாத்திரமும் இசையோடு அறிமுகமாகிறது. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்து மரபைப் புதுக்கி, 1964இல் ‘இராவணேசன்’ நாடகத்தை மேடையேற்றினார். அரக்கன் என்று பழிக்கப்பட்ட இராவணன், தாளக்கட்டோடு நிமிர்ந்து வந்து, வீழும்போது கண்டோர் நெஞ்சை உருக்கினான்.

பண் பெற்றவன் வெறும் பகைவனாக இருப்பதில்லை என்பதை இராவணனும் கொஜிராவும் ஒருங்கே உணர்த்துகின்றனர். யப்பானியப் படத்தில் ஓடோ என்னும் மீனவத் தீவின் மக்கள், முகமூடி அணிந்து இசையோடு ஆடிக் கடற்பூதத்தைத் தணிக்க முயலும் காட்சி ஒன்றுண்டு. மீன்படாத காலத்தில் முன்னோர் பெண்ணையே கடலுக்குப் பலியிட்டனர் என்று முதியவர் ஒருவர் கூறுகிறார். பின்னர், எரிந்த நகரத்தின் துயரைப் பள்ளி மாணவியர் அமைதிப் பாடலாகப் பாடுகின்றனர். அதைக் கேட்ட அறிவியலாளர் செரிசாவா, தாம் கண்டுபிடித்த கொடிய கருவியை ஒருமுறை மட்டும் பயன்படுத்த இணங்கி, அதன் மறைபொருள் பிறர் கைக்குப் போகாதபடி பூதத்தோடு தாமும் கடலடியில் மாய்கிறார். படம் முடியும்போது அந்த அமைதிப் பாடலின் இசை மீண்டும் எழுகிறது. நகரத்து மக்களுக்கும் அறிவியலாளருக்கும் பூதத்துக்கும் அது ஒரே ஒப்பாரியாகிறது.

இஃபுக்குபே 2006இல் மறைந்தார். 2016, 2019, 2023ஆம் ஆண்டுகளில் வந்த புதுப் படங்களிலும் அவர் பண் ஒலித்தது. 2021இல் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்து, நெகிழிக் குறுமணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. இறந்த ஆமைகள் கரைசேர்ந்தன, மீனவர் தொழிலிழந்தனர், மக்கள் மீன் உண்ணவும் தயங்கினர். 1954இல் யப்பானியக் கரை அறிந்த அச்சத்தை இலங்கைக் கரையும் அறிந்தது.

கற்பிட்டிக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை எண்ணெய்த் திமிங்கிலங்கள் கூட்டமாகத் தோன்றுவதுண்டு. தட்டொலிகளால் தம்முள் உறவாடும் இவ்வினத்தில், குலத்துக்குக் குலம் ஒலிக்கும் ஒழுங்கு வேறுபடுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கதையில் வந்த பேருயிருக்கு மனிதன் பண் அமைத்தான். கடலில் வாழும் பேருயிரோ தனக்குரிய தாளக்கட்டைத் தானே வைத்திருக்கிறது. அதனைக் கேட்க, அஃது உயிரோடு வாழக் கடல் நலமாக இருத்தல் வேண்டும்.